பொத்தானுக்குப் பின்னால் இருந்த 1,92,000 பேர்

2022 ஜூன் 27, திங்கட்கிழமை. கலிஃபோர்னியா மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் ராப் பொன்டாவின் ட்விட்டர் கணக்குக்கு வெளியாள் ஒருவரிடமிருந்து தனிச்செய்தி வருகிறது. அன்று மதியம்தான் அவருடைய துறை ஒரு புதிய இணையதளத்தைத் திறந்திருந்தது. அந்தத் தளத்திலிருந்து ஆட்களின் சொந்த விவரங்களை இறக்கிக்கொள்ள முடிகிறது என்பதுதான் செய்தி. சான்றுக்கு ஸ்கிரீன்ஷாட்டும் இருந்தது. அலுவலகத்தில் பார்த்தவர்களுக்கு முதலில் இது யாரோ கிளப்பிவிடும் புரளி என்று தோன்றியது. ஆனாலும் இரண்டு பேர் உட்கார்ந்து சரிபார்த்தார்கள். பார்த்துவிட்டு, அப்படி எதுவும் வெளியே போகவில்லை என்று மேலிடத்துக்கு உறுதி சொன்னார்கள்.

போய்க்கொண்டிருந்தது. 1,92,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, பிறந்த தேதி, பாலினம், இனம், ஓட்டுநர் உரிம எண், குற்றப் பின்னணி என்று வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. அத்தனை பேருக்கும் பொதுவான சங்கதி ஒன்றே: 2011-க்கும் 2021-க்கும் இடையில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி கேட்டு விண்ணப்பித்தவர்கள் அவர்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் இதை சிசிடபிள்யூ என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்தச் சம்பவத்தைத் துப்பாக்கி ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துவிட்டார்கள். எனக்கு அந்த வழக்காடலில் ஆர்வம் குறைவு. பன்னிரண்டு வருடமாக டாஷ்போர்டு, அதாவது எண்களைப் படங்களாகக் காட்டும் பக்கங்கள், செய்து பிழைக்கிறவன் நான். அந்த இரண்டு பேர் எதைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்றார்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஏன் அந்த வாரம்

நான்கு நாள் முன்பு, ஜூன் 23 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க் மாநிலத்தின் துப்பாக்கி உரிமச் சட்டத்தை ரத்து செய்தது. பொது இடத்தில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சாசன உரிமை; அதற்குத் தனியாக ஒரு தேவையை நிரூபிக்கச் சொல்லக்கூடாது என்பது தீர்ப்பு. கலிஃபோர்னியாவிலும் அப்படியொரு நிபந்தனை இருந்தது. 'தகுந்த காரணம்' காட்டினால்தான் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) காவல் தலைவரான ஷெரிஃப்போ நகரக் காவல் தலைவரோ அனுமதி தருவார். தீர்ப்பு வந்த மறுநாளே, இந்த நிபந்தனை இனிச் செல்லாது என்று பொன்டாவின் அலுவலகம் அறிவித்தது.

எல்லோரும் துப்பாக்கிப் புள்ளிவிவரம் கேட்கப்போகிறார்கள் என்று துறை கணக்குப் போட்டது. எத்தனை விண்ணப்பம், எந்தக் கவுண்டியில் எவ்வளவு, எத்தனை நிராகரிப்பு என்பதையெல்லாம் படங்களாகக் காட்டும் தளத்தை வெளிப்படைத்தன்மையின் பெயரால் திறந்துவிட்டது. நோக்கத்தில் கோளாறு இல்லை. அந்தப் படங்களைப் பார்ப்பவருக்கு ஒரு பெயர்கூடத் தெரியாது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. அமெரிக்காவில் துப்பாக்கி உரிமையாளர்களின் மையப் பதிவேடு ஒன்றை மத்திய அரசு உருவாக்கக்கூடாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வாங்குபவரின் பின்னணியைச் சோதித்து அனுமதி கொடுத்தபின், அவரை அடையாளம் காட்டும் பதிவை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். மாநிலங்களுக்கு இந்தத் தடை இல்லை. கலிஃபோர்னியா நெடுங்காலமாகக் கைத்துப்பாக்கி விற்பனையைப் பதிந்துவருகிறது; 2014 ஜனவரி முதல் ரைஃபிள் போன்ற நீளத் துப்பாக்கிகளையும் சேர்த்துக்கொண்டது. நாட்டிலேயே இவ்வளவு விவரம் ஓரிடத்தில் குவிந்திருக்கும் மாநிலங்கள் மிகச் சில. அதைக் காப்பது மாநில நீதித்துறையின் வேலை. நீதிமன்றத்தைச் சொல்லவில்லை, அட்டர்னி ஜெனரலின் துறையைத்தான் அங்கே அப்படி அழைக்கிறார்கள்.

படமும் படத்துக்குள் இருப்பதும்

சில வருடம் முன்பு, நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பிரிவுவாரியாகச் சராசரிச் சம்பளம் காட்டும் எக்செல் கோப்பு ஒன்று செய்தேன். பிவட் அட்டவணை, அதாவது பெரிய பட்டியலைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டுவது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரே ஒரு எண். மூலத் தகவல் இருந்த ஷீட்டை கவனமாக நீக்கிவிட்டு, நாற்பது பேருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஜூனியர் பையன் ஃபோன் செய்தான்.

"சார், அந்த மொத்தம்னு இருக்கிற கட்டத்தை டபுள் கிளிக் பண்ணிப் பாருங்க."

பண்ணினேன். புது ஷீட் ஒன்று திறந்தது. அதில் எல்லோர் பெயரும், எல்லோர் சம்பளமும். பிவட் அட்டவணை தனக்கென்று மூலத் தகவலின் நகல் ஒன்றை உள்ளேயே வைத்திருக்கும். ஷீட்டை அழித்தாலும் அந்த நகல் போகாது. எனக்கு அது தெரியாது. அன்று மாலை நான் எழுதிய மன்னிப்பு மின்னஞ்சலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

டேப்லோ மாதிரியான டாஷ்போர்டு மென்பொருள்களும் இதே குணம் உள்ளவைதான். திரையில் தெரிவது பட்டைகளும் வரைபடமும். அவற்றை வரைவதற்காகக் கொடுத்த தகவல் அடியில் இருக்கும். பார்ப்பவர் படத்தை மட்டும் இறக்கலாமா, கூட்டிய எண்களை இறக்கலாமா, அடியில் உள்ள முழு வரிசைகளையும் இறக்கலாமா என்பதை அமைப்பில் தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டும். வரிசைகளைத் திரையில் காட்டாமல் மறைத்து வைப்பது ஒன்று. இறக்கவிடாமல் தடுப்பது வேறொன்று. வடிவமைப்பவர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாக நினைப்பது இந்தத் தொழிலில் அன்றாடம் நடக்கிறது.

கலிஃபோர்னியாவில் நடந்ததும் இந்த ரகம்தான். பூட்டை உடைத்து எவரும் உள்ளே போகவில்லை. கடவுச்சொல் திருடவில்லை. தளத்தில் இறக்குவதற்கு வழி இருந்தது, இறக்கினார்கள். பெயர் தெரியாத புள்ளிவிவரத்தை வெளியிடுவதாகவே அதிகாரிகள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அமைப்பில் எந்தப் பெட்டியை டிக் செய்யவில்லை என்பதில் எனக்கு அதிக அக்கறை இல்லை. கவுண்டிக்கு எத்தனை அனுமதி என்று காட்டும் படத்துக்கு ஓட்டுநர் உரிம எண் எதற்கு? தெரு முகவரி எதற்கு? படத்துக்குத் தேவையான கூட்டுத்தொகையை உள்ளேயே போட்டு, அந்தச் சில நூறு வரிகளை மட்டும் தளத்தில் ஏற்றியிருந்தால் எந்தப் பெட்டி திறந்து கிடந்தாலும் ஒன்றும் போயிருக்காது. முழுக் கோப்பையும் மேலே ஏற்றிவிட்டு மறைக்கும் பொறுப்பை மென்பொருளிடம் விட்டது சோம்பல். நானும் அதே சோம்பலைச் செய்தவன் என்பதால் அவர்களைக் கடுமையாகத் திட்ட மனம் வரவில்லை.

அந்த இரவு

துறை அமர்த்திய வெளிச் சட்ட நிறுவனம் விசாரித்து 2022 நவம்பர் 30 அன்று அறிக்கை கொடுத்தது. திங்கட்கிழமை இரவைப் பற்றி அது சொல்லும் பகுதியை இரண்டு முறை படித்தேன். ஒரு பக்கம் அந்த இருவர்: ஒருவர் தகவல் ஆய்வாளர், இன்னொருவர் ஆராய்ச்சிப் பிரிவின் இயக்குநர். ட்விட்டர் செய்தியைக் கேட்டுச் சோதித்துவிட்டு, தவறான உறுதியைக் கொடுக்கிறார்கள். இன்னொரு பக்கம், இறக்கியவர்களின் கூட்டம் தாங்காமல் தளம் படுத்துவிடுகிறது. விவரக் கசிவைப் பற்றி எதுவும் தெரியாத வேறொரு குழு, ஐயோ தளம் விழுந்துவிட்டதே என்று பதறி அதை நிமிர்த்தப் பாடுபடுகிறது. இரவு சுமார் 9:30 மணிக்கு நிமிர்த்தியும்விடுகிறது.

கவனித்தீர்களா? தளம் தானாக விழுந்தது அந்த இரவில் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம். கடமை உணர்ச்சியோடு அதைச் சரிசெய்து, கசிவை மறுபடி திறந்துவிட்டார்கள். தளத்தை மூடியது மறுநாள் நண்பகல் வாக்கில்தான்.

அறிக்கையின் கணக்குப்படி சுமார் 12 மணி நேரம் விவரங்கள் திறந்து கிடந்தன. 507 தனித்தனி ஐபி முகவரிகளிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள்) 2,734 முறை இறக்கப்பட்டன. பெரிய ஊடுருவல்களோடு ஒப்பிட்டால் இது சின்ன எண். ஆனால் ஒரு கோப்பை ஒரு தடவை நகலெடுத்தால் போதும், மற்றதெல்லாம் உபரி.

"ஒன்றுமில்லை" என்ற பதிலுக்கு வருகிறேன். தளத்தை உருவாக்கியவர்கள் தங்கள் தளத்தைச் சோதிக்கும்போது, தாங்கள் எங்கே கிளிக் செய்வார்களோ அங்கேதான் கிளிக் செய்வார்கள். அந்த மூலையில் இருக்கும் பொத்தானை எவரும் தொடமாட்டார்கள் என்று முன்பே மனதில் எழுதிவைத்திருப்பார்கள். செய்தி அனுப்பியவரிடம் "எங்கே அழுத்தினீர்கள், ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேட்டிருந்தால் அன்றிரவே முடிந்திருக்கும். அவர் ஸ்கிரீன்ஷாட் வேறு கொடுத்திருந்தார். படத்தில் தெரிந்த ஒரு வரியைத் தங்கள் சொந்தத் தகவல் தளத்தில் தேடிப் பார்த்தாலே உண்மையா புரளியா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் முதலில் மூடு, பிறகு பார் என்று சொல்லவும் அங்கே ஆள் இல்லை.

பட்டியலில் இருந்தது யார்

செய்திகள் "துப்பாக்கி உரிமையாளர்களின் பட்டியல்" என்றே எழுதின. அது பாதி சரி. அனுமதி கிடைத்தவர்களோடு, கேட்டுக் கிடைக்காதவர்களும் அதில் இருந்தார்கள்.

கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இது. 2011 முதல் 2021 வரை கலிஃபோர்னியாவில் ஒருவர் சிசிடபிள்யூ கேட்டார் என்றால், ஏன் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார் என்று அர்த்தம். சில கிராமப்புறக் கவுண்டிகளில் 'தற்காப்பு' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். பெரிய நகரங்களில் அது நடக்காது. குறிப்பிட்ட மிரட்டல் வேண்டும், முடிந்தால் காவல்துறைப் புகார் நகல் வேண்டும். பின்தொடரும் முன்னாள் கணவன், தீர்ப்பால் ஆத்திரமடைந்த குற்றவாளி, இரவில் கடைப் பணத்தை எடுத்துச் செல்லும் வேலை. கசிந்த கோப்பில் என்னென்ன இருந்தன என்று துறை சொன்ன பட்டியலில் அந்தக் காரணங்கள் இல்லை. ஆனால் பெயர் இருப்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது: இவர் எதற்கோ பயந்தவர், இதோ இவர் வீடு.

நிராகரிக்கப்பட்டவரின் நிலை இன்னும் மோசம். பயந்தார், கேட்டார், இல்லை என்றார்கள். கடைசியில் முகவரியையும் வெளியே விட்டார்கள். அவர் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். பட்டியலைப் பார்த்து வரும் திருடன் அதையெல்லாம் ஆராயமாட்டான். குடும்ப வன்முறையிலிருந்து தப்பியவர்களுக்கு மாற்று அஞ்சல் முகவரி கொடுக்கும் திட்டத்தை இதே மாநிலம் 1999 முதல் நடத்திவருகிறது. முகவரி என்பது சிலருக்கு உயிர்ச் சமாச்சாரம் என்பதை இந்த அரசுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சமூகப் பாதுகாப்பு எண்ணோ வங்கி விவரமோ கசியவில்லை என்று துறை ஆறுதல் சொன்னது. வங்கி அட்டையை ஒரே ஃபோனில் ரத்து செய்யலாம். வீட்டை அப்படி மாற்ற முடியுமா?

ஏற்கெனவே பொது ஆவணம்தானே?

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. பலருக்குத் தெரியாதது: கலிஃபோர்னியாவில் சிசிடபிள்யூ விண்ணப்பங்கள் அடிப்படையில் பொது ஆவணங்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஷெரிஃப்புக்கு எதிராக சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம் தொடுத்த வழக்கில், அவற்றைக் காட்டத்தான் வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. ஓர் அதிகாரி தன் விருப்பப்படி யாருக்கோ கொடுத்து யாருக்கோ மறுக்கிறார் என்றால், எப்படிக் கொடுத்தார் என்று பார்க்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்பது அதன் சாரம். விண்ணப்பதாரர் எப்போது, எங்கே தாக்குதலுக்கு ஆளாகக்கூடும் என்று காட்டும் தகவல், மருத்துவ, மனநல விவரம், நீதிபதிகள், காவலர்கள் போன்றோரின் வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை மட்டும் சட்டம் விலக்கி வைத்தது.

அந்தத் தீர்ப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சான்டா கிளாரா கவுண்டியில் இந்த அனுமதிகளை வேண்டியவர்களுக்கும் தேர்தல் நன்கொடையாளர்களுக்கும் சலுகையாகக் கொடுத்ததாக எழுந்த விவகாரத்தில், பதவி விலகியிருந்த ஷெரிஃப் குற்றம் செய்தவரே என்று 2022 நவம்பரில் ஜூரி சொன்னது. எல்லாவற்றையும் இரும்புப் பெட்டியில் பூட்டியிருந்தால் அது வெளியே வந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால், அலுவலகத்துக்குப் போய்க் கேட்டு ஒரு கவுண்டியின் விண்ணப்பங்களைப் புரட்டுவதும், மாநிலம் முழுக்க உள்ள பத்து வருடப் பட்டியலை முகவரியோடு ஒரே கோப்பாகப் படுக்கையில் சாய்ந்தபடி இறக்குவதும் ஒன்றாகுமா? முன்னதில் கேட்பவர் தன் முகத்தைக் காட்ட வேண்டும், மறைக்க வேண்டியதை அதிகாரி மறைத்துக் கொடுப்பார். பின்னதில் இரண்டும் கிடையாது. கேட்டு வாங்குவதில் இருக்கும் அந்தச் சிரமமே எழுதப்படாத ஒரு பாதுகாப்பு. கணினி அதைத்தான் முதலில் தின்றுவிடுகிறது.

இதற்கு முன்னோட்டம் பத்து வருடம் முன்பே நடந்தது. சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலை நடந்த 2012 டிசம்பரில், நியூயார்க் மாநிலத்தின் ஜர்னல் நியூஸ் நாளிதழ், வெஸ்ட்செஸ்டர், ராக்லண்ட் கவுண்டிகளில் கைத்துப்பாக்கி அனுமதி வைத்திருந்தவர்களின் பெயரையும் முகவரியையும் இணைய வரைபடத்தில் புள்ளி புள்ளியாகப் போட்டது. அவை சட்டப்படி கேட்டு வாங்கியவை, திருட்டு இல்லை. பக்கத்து பட்னம் கவுண்டி எழுத்தர் மட்டும் தரமாட்டேன் என்று நின்றார். ஆத்திரத்தில் ஒருவர் அந்தப் பத்திரிகைக்காரர்களின் வீட்டு முகவரிகளை வெளியிட்டார். பத்திரிகை தன் அலுவலகத்துக்கு ஆயுதக் காவலர்களை வைத்துக்கொண்டது. சிறைக் காவலர்களிடம் கைதிகள் "உன் வீடு எங்கே என்று தெரியும்" என்ற தொனியில் பேச ஆரம்பித்ததாக ராக்லண்ட் ஷெரிஃப் சொன்னார். எனக்கு இந்த விவகாரம் முழுவதிலும் மறக்காத தகவல் அதுதான். 2013 ஜனவரி 15-இல் நிறைவேறிய மாநிலச் சட்டம், உரிமதாரர் கோரினால் பெயரை மறைக்கலாம் என்றது. அதற்குப்பின் மூன்றாம் நாள் பத்திரிகை வரைபடத்தை எடுத்துவிட்டது.

பிரிட்டனிலும் ஒரு கதை உண்டு. துப்பாக்கி வாங்கி விற்கும் கன்டிரேடர் தளத்திலிருந்து 2021-இல் சுமார் 1,11,000 பயனர்களின் விவரம் திருடுபோனது. சில வாரங்களில் அது கூகுள் எர்த்தில் திறக்கக்கூடிய வடிவத்தில் இணையத்தில் வந்தது. பட்டியல் ஒன்று வெளியே வந்துவிட்டால் அடுத்து யாரோ ஒருவர் அதை வரைபடமாக்கிவிடுகிறார்.

வேண்டுமென்றே செய்தார்களா?

துப்பாக்கி உரிமை அமைப்புகள் இந்தக் கேள்வியை விடவே இல்லை. தீர்ப்பு வந்த நான்காம் நாள், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கும் ஓர் அட்டர்னி ஜெனரல், அதுவும் சிசிடபிள்யூ பட்டியல். சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வேண்டுமென்றே வெளியிட்டது என்று நிரூபித்தால் கலிஃபோர்னியாச் சட்டத்தில் தண்டனையும் அதிகம். கெட்ட நோக்கத்துக்கோ அரசியல் காரணத்துக்கோ எந்தச் சான்றும் இல்லை என்று அறிக்கை முடித்தது. பயிற்சி போதவில்லை, தொழில்நுட்ப அறிவு போதவில்லை, விதிமுறைகள் ஒழுங்காக எழுதப்படவும் இல்லை பின்பற்றப்படவும் இல்லை, மேலதிகாரிகள் கண்காணிக்கவில்லை என்று காரணங்களை அடுக்கியது. அறிக்கைக்குப் பணம் கொடுத்தது துறைதானே என்று கேட்பவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனாலும் எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது. சதிகாரன் இரவு 9:30 வரை உட்கார்ந்து தளத்தை ரிப்பேர் செய்து கொண்டிருக்கமாட்டான். அசட்டுத்தனத்துக்கு மட்டுமே அவ்வளவு உழைப்பு வரும்.

பாதிக்கப்பட்டவர்களுக்குக் கடிதம் போனது. அவர்கள் பெயரில் யாரேனும் கடன் வாங்குகிறார்களா என்று கண்காணிக்கும் சேவையைத் துறை இலவசமாகக் கொடுத்தது. அரசோ நிறுவனமோ தகவலைக் கசியவிட்டால் உரியவருக்குச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் முதன்முதலில் சட்டம் போட்டது கலிஃபோர்னியாதான். 2003 ஜூலையில் அமலுக்கு வந்தது. மாநில ஊழியர்களின் சம்பளத் தகவல் தளத்துக்குள் யாரோ நுழைந்ததால் பிறந்த சட்டம் அது. பண மோசடியை மனதில் வைத்துச் செய்த மருந்து. வாசலில் ஒருவன் வந்து நிற்பானோ என்ற பயத்துக்கு, கடன் கண்காணிப்புச் சேவை என்ன செய்யும்?

இதற்கிடையில் வேறொரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. 2021-இல் கொண்டுவந்த ஒரு சட்டம், துப்பாக்கி வாங்கியவர்களின் விவரங்களை வன்முறை ஆய்வுக்காகப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களிடம் பகிர வழிசெய்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. எந்தத் துப்பாக்கி யாரிடமிருந்து எந்தத் தற்கொலைக்கு, எந்தக் கொலைக்குப் போனது என்று பெயரை வைத்து இணைத்தால்தான் அவர்களால் ஆராய முடியும். வெளியிடும் ஆய்வில் பெயர் இருக்காது. உரிமையாளர்கள் இதை எதிர்த்து மாநில நீதிமன்றத்துக்கும் மத்திய நீதிமன்றத்துக்கும் போனார்கள். மாநிலத்தில் முதலில் தடை கிடைத்தது, 2023-இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. மத்திய நீதிமன்றத்தில் 2024-இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் அரசின் பக்கமே நின்றது.

தீர்ப்புகள் சட்டப்படி சரியாகவே இருக்கலாம். தற்கொலையைத் தடுக்கும் ஆய்வு முக்கியம் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் வழக்குப் போட்டவர்களுக்கு 2022-க்குப் பிறகு வாதம் தேடி அலையத் தேவை இருக்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் கெட்டவர்கள் என்று அவர்கள் சொல்லவேண்டியதில்லை. இதே துறை, இதே விவரம், ஒரு திங்கட்கிழமை மதியம் என்று சொன்னால் போதும்.

நான் இப்போது எந்த டாஷ்போர்டையும் அனுப்புவதற்கு முன் அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை உட்காரவைத்து, கண்ணில் படும் பொத்தானையெல்லாம் அழுத்தச் சொல்கிறேன். போன மாதம் அப்படி உட்கார்ந்தவர் முதல் நிமிடத்திலேயே ஒரு கோப்பை இறக்கிவிட்டார். திறந்து பார்த்தோம். கூட்டுத்தொகைகள் மட்டும், முப்பத்தெட்டு வரி.